உதவி: அட்டவணையில் ஒரே தலைப்பு இரண்டு முறை வருகிறது, அவசரம்

அவசரக்காரன்: அட்டவணையில் 2022, 2023 என்று ஆண்டுவாரியாக மேல்தலைப்பு வைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் வரவு, செலவு இரண்டும் வர வேண்டும். ஆனால் 2022, 2023, மறுபடியும் 2022, 2023 என்று நான்கு தலைப்புகள் நிற்கின்றன. அறிக்கையை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கூழாங்கல்: எந்த மொழி? எந்தத் தொகுப்பு? நிரலைப் போடாமல் எதைச் சொல்வது?

மலைப்பாம்பு: பைதான் மொழியின் பாண்டாஸ் தொகுப்புதானே? இது பல அடுக்குத் தலைப்புச் சிக்கல்தான். ஸ்வாப்லெவல் போட்டு அடுக்குகளை மாற்றுங்கள், பிறகு சார்ட்_இண்டெக்ஸ் போட்டு வரிசைப்படுத்துங்கள். நெடுவரிசைகளில் வேலை செய்ய, இரண்டிலும் ஆக்சிஸ் = 1 கொடுக்க மறக்க வேண்டாம்.

பழைய கை: அகரவரிசைப்படி அடுக்கினால் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் போகும். எந்தக் கணக்குப் புத்தகத்தில் அப்படி எழுதுகிறார்கள்? அதுவும் அவர் பாண்டாஸ் என்று சொல்லவே இல்லை. கேள்வி கேட்பவர்கள் ஆவணத்தைத் திறந்து பார்ப்பதில்லை, பதில் சொல்பவர்கள் கேள்வியைப் படிப்பதில்லை.

அவசரக்காரன்: மன்னிக்கவும், ஆர் மொழி, அட்டவணை போடும் ஜிடி தொகுப்பு. பிவட்_வைடர் மூலம் ஆண்டுவாரி நெடுவரிசைகளாக விரித்த தரவு. பிறகு மேல்தலைப்பு வைக்கும் இந்த வரி, 2023க்கும் இப்படியே:
டேப்_ஸ்பேனர்(லேபிள் = "2022", காலம்ஸ் = எண்ட்ஸ்_வித்("2022"), கேதர் = ஃபால்ஸ்)

கூழாங்கல்: கேதர் = ஃபால்ஸ் எங்கிருந்து வந்தது? அதை எடுத்துவிடுங்கள். இயல்பாக அது ட்ரூ. குழுவின் முதல் நெடுவரிசைக்குப் பக்கத்தில் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நீங்கள் தடுத்திருப்பதால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தலைப்புதான் துண்டாகிறது.

பழைய கை: அது ஒட்டுப்போடும் வேலை. வரவு_2022, வரவு_2023, செலவு_2022, செலவு_2023 என்று வரிசை பிசகுவது பிவட்_வைடரில். அது இருக்கும் டைடிஆர் தொகுப்பில் 1.2.0 பதிப்பு முதல் நேம்ஸ்_வேரி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு "ஸ்லோயஸ்ட்" கொடுத்தால் 2022இன் வரவும் செலவும் முதலில், அடுத்து 2023இன் இரண்டும் வரும். தரவு ஒழுங்காக இருந்தால் கேதர் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

கூழாங்கல்: காட்சிக்காகத் தரவை ஏன் கலைக்க வேண்டும்? ஜிடியில் நெடுவரிசையை எங்கே நகர்த்தினாலும் மூலத்தரவு அப்படியே இருக்கும். கால்ஸ்_மூவ் இருப்பதே அதற்குத்தான்.

பழைய கை: நாளைக்கு அதே தரவில் இன்னொரு அட்டவணை போடும்போது கால்ஸ்_மூவ் எல்லாவற்றையும் மறுபடி எழுதுங்கள்.

தாழ்வாரம்: இடையில் ஒரு வார்த்தை. இந்த மேல்தலைப்பே வேண்டுமா? அறிக்கையைப் பெறுபவர் எக்செலில் வைத்து வரிசைப்படுத்த முயன்றால், இணைத்த கட்டங்கள் ஒரே அளவில் இல்லை என்று அது மறுத்துவிடும். ஆண்டையும் ஒரு நெடுவரிசையாக வைத்து நீள் வடிவத்திலேயே அனுப்புங்கள்.

மலைப்பாம்பு: படிக்கத்தானே அறிக்கை? வரிசைப்படுத்த வேண்டுமென்றால் வெறும் தரவை மட்டும் சிஎஸ்வி கோப்பாகத் தனியாக அனுப்பலாம்.

தாழ்வாரம்: எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடைசியில் அந்த அட்டவணையைத்தான் நகலெடுத்து ஒட்டுகிறார்கள்.

அவசரக்காரன்: சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

கூழாங்கல்: எது சரிசெய்தது, கேதரா, நேம்ஸ்_வேரியா? பின்னால் தேடி வருபவர்களுக்காகக் கேட்கிறேன்.

பழைய கை: மாலை ஆகிவிட்டது. இனி வர மாட்டார்.