மறு: 'டிசைசிவ் பேட்டில்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு போரின் விளைவைத் தீர்மானிக்கும் மோதலை ஆங்கிலத்தில் 'டிசைசிவ் பேட்டில்' (decisive battle) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குக் குழுவில் இதுவரை வந்த 'தீர்க்கமான போர்', 'முடிவுப்போர்' இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் 'போர்'. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் 1775 முதல் 1783 வரை நடந்தது. அதற்குள் சரட்டோகா என்ற இடத்தில் நடந்த மோதலையும் 'போர்' என்றே எழுதினால் எது முழுமை, எது பகுதி என்று படிப்பவருக்குப் புரியாது. ஈழத்து வழக்கில் உள்ள 'சமர்' இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. 'தலையாலங்கானத்துச் செருவென்ற' என்று நெடுஞ்செழியனுக்கு அடைமொழி தந்த 'செரு'வும் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இன்று அது யார் வாயிலும் இல்லை. எனவே சமர்.

அப்புறம் 'முடிவு'. இதை ஏற்கவே முடியவில்லை, ஏனென்றால் சரட்டோகாவில் போர் முடியவில்லை. கனடாவிலிருந்து இறங்கி, ஹட்சன் ஆற்றை ஒட்டி, வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்தைத் துண்டித்துவிடலாம் என்று வந்தார் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன். தெற்கிலிருந்து அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டிய இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹோவ், அமெரிக்கர்களின் தலைநகரான பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். உணவு குறைந்து, பின்வாங்கவும் வழியின்றி, 1777 அக்டோபர் 17 அன்று பர்கோய்ன் சரணடைந்தார். ஏறத்தாழ 6,000 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் பாரிஸுக்கு அருகே பாஸியில், பிரான்சின் ஆதரவைத் தேடிச் சென்றிருந்த அமெரிக்கப் பிரதிநிதி பிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில், அமெரிக்காவிலிருந்து செய்தி கொண்டுவந்தவரின் வண்டி வந்து நிற்கிறது. அவர் இறங்குவதற்குள், பிலடெல்பியா விழுந்துவிட்டதா என்று கேட்கிறார் பிராங்க்ளின். விழுந்துவிட்டது, ஆனால் அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது, பர்கோய்னும் அவர் படையும் கைதிகள் என்கிறார் வந்தவர். அதுவரை கமுக்கமாக ஆயுதம் அனுப்பிவந்த பிரான்ஸ், 1778 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கர்களுடன் வெளிப்படையாக உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடையும்படி அவருக்குக் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கடற்படைதான்.

சரட்டோகா புரட்சியின் போக்கைத் திருப்பியது, யார்க்டவுன் சண்டையை ஓயவைத்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டிசைசிவ்' என்ற ஒரே அடைமொழி. நாமும் அப்படியே குழப்பிக்கொள்ள வேண்டுமா?

என் பரிந்துரை: சரட்டோகா போன்றவை 'திருப்புச் சமர்', யார்க்டவுன் போன்றவை 'முடிவுச் சமர்'. 'திருப்புமுனை' ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் 'திருப்பு' உறுத்தாது. கட்டுரையில் முதல்முறை 'திருப்புமுனைச் சமர்' என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

'டிசைசிவ் விக்டரி'க்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே 'தீர்க்கமான வெற்றி' என்பதையே வைத்துக்கொள்வோம்.