"தர்மபுரிப் பல்" என்று கிண்டல் செய்தால் என்ன பதில் சொல்வது?

கேள்வி (பென்னாகரம்):
வெளியூருக்கு வேலைக்குப் போகும் நம்ம பிள்ளைகளின் பல் கறையைப் பார்த்து "பல்லே விளக்க மாட்டீங்களா, புகையிலையா?" என்கிறார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள். சிலர் சொந்த ஊரையே சேலம் என்று மாற்றிச் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்லலாம்?

பதில் (பாலக்கோடு):
ஊர்ப்பெயரை மறைப்பதுதான் பெரிய வருத்தம். கறைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், சுமார் 8 வயதுக்குள் ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அதன் வெளி அடுக்கான எனாமல் கெடுகிறது. புகையிலைக் கறை ஈறோரமும் பல்லிடுக்கிலும் படியும். ஃபுளோரைடு கறை பல்லின் குறுக்கே சுண்ணாம்புக் கோடாக, பழுப்புத் திட்டாக, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். "சின்ன வயசுல குடிச்ச தண்ணி, எங்க ஊர் தர்மபுரி" என்று நிமிர்ந்து சொல்லச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம்.

பதில் (ஊத்தங்கரை):
உப்பு, கரி வைத்துத் தேய்த்தால் எனாமல்தான் தேயும். லேசான கறையைப் பல் மருத்துவர் மேலாகத் தேய்த்து எடுப்பார். ஆழமானதற்குப் பல் நிறப் பூச்சு. அவரவர் விருப்பம், கட்டாயமில்லை.

பதில் (காரிமங்கலம்):
வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், 2013-ல் வந்த ஒகேனக்கல் திட்டக் குடிநீரையே (காவிரித் தண்ணீர்) சமையலுக்கும் எடுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.