எஸ்டேட் பங்களா பூஜாடி: முரானோவா இல்லையா, உள்ள இருக்கற புகை போகுமா?

குமுளிக்காரன்:
வண்டிப்பெரியார் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை காலி பண்ணுனப்ப சாமானெல்லாம் ஆக்ரிக்கடைக்கு, அதான் பழைய சாமான் கடைக்கு வந்துச்சு, அதுல ஒரு கண்ணாடி பூஜாடி 800 ரூபாய்க்கு வாங்குனேன். ஒரு ஜாண் உயரம்தான், ஆனா தூக்குனா கல்லு மாதிரி கனம். உள்ள ரத்தச் சிவப்பு, அதைச் சுத்தி மஞ்சள், அதுக்கு வெளிய விரல் தண்டிக்கு நிறமே இல்லாத கண்ணாடி. அடியில காசு அளவுக்கு வழுவழுன்னு ஒரு குழி. லேபிள் இல்ல, கடைக்காரர் இத்தாலியில வெனிஸ் பக்கத்துல இருக்கற முரானோ தீவுல செஞ்சதுன்னு சத்தியம் பண்றாரு. உள்பக்கம் பாதி உயரத்துக்கு புகை படிஞ்ச மாதிரி வெளுத்திருக்கு, கடையில இது தெரியவே இல்ல, ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியுது. அம்மா புளி போட்டு தேய்க்கச் சொல்றாங்க, தேய்க்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தம்பி, அந்தக் குழி நல்ல அடையாளமுங்க. ஊதுகுழல்ல இருந்து பிரிச்சு வாயை விரிக்கறப்ப ஜாடிய பிடிக்கறதுக்கு அடியில ஒரு இரும்புக் கம்பி ஒட்டுவாங்க, அத உடைச்சு எடுத்த தழும்ப அரைச்சு பாலிஷ் போட்டா இப்படி குழியா வரும். ஆனா அது கையில ஊதுனதுங்கறதுக்குத்தான் சாட்சி, பழசுன்னு சொல்லாது, உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்துல நேத்து ஊதுனதுலயும் தழும்பு இருக்குமுங்க. பழசான்னு பார்க்க அடி விளிம்ப லென்ஸ்ல பாருங்க. வருசக்கணக்கா நகர்த்தி வெச்ச கீறல் நாலா பக்கமும் தாறுமாறா ஓடும், உப்புத்தாள்ல தேச்சதுன்னா ஒரே பக்கமா வரிவரியா இருக்கும்.
நீங்க சொல்ற வேலைக்குப் பேரு சொம்மெர்சோ, இத்தாலியில மூழ்குனதுன்னு அர்த்தம். கலர் கண்ணாடிய ஊதி, உருகுன வேற கலர்ல முக்கி எடுத்து, கடைசியா நிறமில்லாததுல முக்குவாங்க. 1930கள்ல முரானோவுல வந்ததுதான், ஆனா பின்னாடி செக்கோஸ்லோவாக்கியாலயும் இதே மாதிரி செஞ்சாங்க, அதனால லேபிள் இல்லாம முரானோன்னு நான் சொல்லமாட்டேன். 1291ல தீ விபத்துக்குப் பயந்து வெனிஸ்காரங்க உலையெல்லாம் அந்தத் தீவுக்கு மாத்துனதுல இருந்து பேரு எடுத்த ஊரு, அதான் கலர் கண்ணாடியப் பார்த்தாலே எல்லாரும் அந்தப் பேரையே சொல்லிடறாங்க. 800க்கு எங்க செஞ்சதா இருந்தாலும் நல்ல விலைங்க.

செங்கோட்டை வாசகன்:
கடையில தெரியலன்னு சொன்னீங்கல்ல, உள்ள லேசா எண்ணெய் தடவியிருப்பாங்க அண்ணாச்சி. எண்ணெயோ தண்ணியோ பட்டா வெளுப்பு மறைஞ்சிரும், காய்ஞ்சா திரும்ப வந்துரும். புளி பித்தளைக்கு இருக்கட்டும். மொதல்ல சோப்புத் தண்ணியில எண்ணெய எடுத்துட்டு, வெள்ளை வினிகர ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க. உப்புத்தண்ணி படிஞ்ச கறைன்னா கரைஞ்சிரும். கரையலன்னா தண்ணியே கண்ணாடிய அரிச்சுருக்குன்னு அர்த்தம், அப்புறம் வீட்டுல வெச்சு எதுவும் செய்யமுடியாது. சிலபேரு அரிசி போட்டு குலுக்கச் சொல்லுவாங்க.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
அரிசி வேண்டாமுங்க, உள்ள கல்லு ஒண்ணு கிடந்தா கீறிடும், மெத்துன்னு இருக்கற பாட்டில் பிரஷ் போதும். சுடுதண்ணியும் ஊத்தாதீங்க. நான் மார்கழி காலையில ஜன்னலோரம் சில்லுன்னு இருந்த ஒரு நீல ஜாடியில சுடுதண்ணி ஊத்தி, டிக்குனு ஒரு சத்தம், கழுத்துல இருந்து அடி வரைக்கும் விரிசல். கனமான கண்ணாடி உள்ள சூடாகி விரியும், வெளிய குளுந்தே இருக்கும், தாங்காது. இன்னும் அத தூக்கிப்போட மனசு வரலிங்க.

குமுளிக்காரன்:
அக்கா, அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சோப்பு போட்டப்ப பிசுபிசுன்னு எண்ணெய் வந்துச்சு, அண்ணாச்சி சொன்னதேதான். வினிகர் ரெண்டு ராத்திரி வெச்சேன், மேல இருந்த வெள்ளை வளையம் முழுசா போயிருச்சு, அடியில நாலு விரல் உயரத்துக்கு அப்படியே நிக்குது, அது அரிச்சதுதான் போல. லென்ஸ்ல அடிக்கீறல் தாறுமாறாத்தான் ஓடுது. இனி இதுல தண்ணி ஊத்தமாட்டேன், கிழக்கு ஜன்னல்ல சும்மா வெச்சிருக்கேன், காலையில வெயில் ஏறுனா தரையில சிவப்பும் மஞ்சளும் விழுது. அந்தக் கடையில பச்சையா இன்னொண்ணு இருக்கு, சனிக்கிழமை போறேன், இந்தத் தடவை உள்ள துணிய விட்டு துடைச்சுப் பார்த்துட்டுத்தான் விலை பேசணும்.