புறாத்தீவு: நாளொன்றுக்கு எத்தனை பேர் போகலாம்?

உப்பாற்றுக் கரையான்:
இலங்கையின் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக் கரைக்கு ஒரு கிலோமீற்றர் அப்பால் இருக்கும் புறாத்தீவுக்குச் செல்வோரின் தொகைக்கு நாள்வாரியான உச்சவரம்பு வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது தீவை முற்றாக மூட வேண்டும் என்பதே என் கருத்து. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயர் என்று கேட்டால் பெரிதாகத்தான் தோன்றும்; ஆனால் பெரிய தீவின் நீளம் ஏறத்தாழ 200 மீற்றர், அகலம் 100 மீற்றர். வருகிறவர்கள் எல்லோரும் அதன் மணல் ஓரத்தில் இறங்கி, இடுப்பளவு நீரிலுள்ள அதே முருகைக்கற்களின், அதாவது பவளப்பாறைகளின், மேல்தான் நீந்துகிறார்கள்.

போன ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நான் அங்கே நின்றேன். நீந்தத் தெரியாத ஒருவர் உயிர்காப்பு அங்கியோடு மிதந்து வந்தார். முகமூடிக்குள் நீர் புகுந்ததும் பதறி, காலுக்கு அகப்பட்ட மான்கொம்பு முருகையின் மேல் எழுந்து நின்று, முகமூடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அவர் நின்றது அரை நிமிடம்கூட இராது. அவர் போன பின் தலையை நீருக்குள் விட்டுப் பார்த்தேன். மண்ணிறக் கிளைகளில் நான்கைந்து நுனிகள் முறிந்து, முறிந்த இடம் சுண்ணாம்புக் கட்டியைப் போல வெள்ளையாய்த் தெரிந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். காலடியில் இருப்பது உயிர் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

வள்ளக்காரன் மகன்:
ஐயா, நீங்கள் சொல்லும் காட்சியை நானும் பலமுறை கண்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு என்று எழுதும்போது அது யாருடைய உலையில் விழுகிறது என்பதையும் எழுத வேண்டும். தீவைச் சுற்றிய கடல் எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் தூண்டில் போட்ட கடல். பூங்கா என்று அறிவித்ததும் அங்கே மீன்பிடி நின்றது. அதற்கு அடுத்த ஆண்டே சுனாமி வந்து கரையிலிருந்த வள்ளங்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. 2009இல் போர் முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிய பின்தான் படகோட்டம் எங்களுக்கு ஒரு தொழிலானது. அதுவும் ஆண்டு முழுவதும் கிடைப்பதல்ல. வாடைக்காற்று எழுந்தால் கடல் எங்களை விடாது; சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உழைத்ததை வைத்துக்கொண்டுதான் மிச்ச மாதங்களைத் தள்ளுகிறோம். அந்த மாதங்களில் முருகைக்கும் ஓய்வு கிடைக்கிறது அல்லவா?

இன்னொன்று. திருகோணமலைக் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பது இரகசியமல்ல. ஒரு வெடி அழிப்பதை ஆயிரம் கால்கள் அழிக்கா. முருகையைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீனும், கடல் சூடேறுவதும் வேறு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு முதலில் படகுக்காரனின் கணக்கைக் குறைப்பது எளிது என்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

சுழியோடி அக்கா:
தம்பி சொன்ன வெடியைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அது குற்றம், குற்றமாகவே நடத்தப்பட வேண்டும். ஆனால் பெரிய தீமை ஒன்று இருக்கிறது என்பது சிறிய தீமைக்கு அனுமதி ஆகாது. 1998இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றிய முருகைப் பாறைகள் வெளுத்து இறந்தபோது, தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைப் பாறை பெரும் சேதம் கண்டது. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகளோ பெரிதாகப் பாதிக்கப்படாமல் தப்பின. அந்தச் சூட்டைத் தாங்கிய உயிரை நாம் காலால் மிதித்து முடிக்கலாமா? மான்கொம்பு முருகை நல்ல நீரில் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும், முறிந்தாலும் மீளும். உருண்டைப் பாறையாக வளர்வது ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். வாடை மாதங்களின் ஓய்வு முதலாவதற்கு ஓரளவு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

மிதிப்பதைவிட எனக்குக் கூடுதல் கவலை தருவது மணல். நூறு பேர் ஆழமற்ற நீரில் கால் அடிக்கும்போது கிளம்பும் மணல் மெல்ல இறங்கி முருகையின் மேல் படிகிறது. அந்தக் கல்லின் மேற்பரப்பில் உயிருள்ள படலம் காகிதம் போல மெல்லியது. வெளிச்சம் மறைந்தால் அதனுள் வாழும் நுண்பாசி உணவு செய்ய முடியாது, முருகை பட்டினி கிடக்கும். ஆகவே ஒரு நாளில் எத்தனை பேர் என்பதைவிட, ஒரே வேளையில் நீரில் எத்தனை பேர் என்பதே சரியான கேள்வி. காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எல்லோரும் ஒன்றாக இறங்குவதுதான் நோய்.

உப்பாற்றுக் கரையான்:
அக்கா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். நாள்கணக்கைவிட வேளைக்கணக்கு நியாயமானது. தாய்லாந்தின் மாயா குடாவில் நடந்தது இதற்குச் சான்று. நாளுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து குவிந்த அந்தக் கரையை 2018 ஜூன் மாதம் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் குடாவுக்குள் நுழைவதில்லை, தீவின் பின்புறம் நிற்கின்றன. மணிக்கணக்கில் ஆட்களை எண்ணி விடுகிறார்கள். நீந்துவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மூடியிருந்த காலத்தில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் குடாவுக்குத் திரும்பின. புறாத்தீவின் ஆழமற்ற நீரில் உலாவும் அதே இனச் சுறாதான். அது மனிதரைத் தேடி வருவதில்லை, நாம் துரத்திப் படம் பிடிக்கப் போவதால்தான் விலகுகிறது.

வள்ளக்காரன் மகன்:
மாயா குடாவை மூடிய மூன்றரை ஆண்டுகள் அங்கிருந்த படகுக்காரர் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும் ஐயா. வேளைக்கணக்கை நான் எதிர்க்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முன்பதிவு முழுவதும் இணையத்தில் போனால் பெரிய விடுதிகள் காலை நேரங்களை மொத்தமாக வாங்கிவிடும், எங்களுக்கு உச்சி வெயில் மட்டுமே மிஞ்சும். ஆகையால் படகுகளுக்கு முறை வைக்க வேண்டும்: இன்று காலை ஓடியவன் நாளை பிற்பகல் ஓடட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது எங்கள் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தன் கைவிரல்களை விரித்துக் காட்டி, "இதைப் பிடித்து முறித்தால் உங்களுக்கு நோகுமா இல்லையா, அதுபோலத்தான் கீழே இருப்பதும்" என்றார். அன்று ஒரு பிள்ளையும் கால் வைக்கவில்லை. இந்தப் பேச்சைக் கட்டாயமாக்குங்கள். பேசுபவர் படகோட்டியாகவே இருக்கட்டும், அதற்கான கூலி நுழைவுச்சீட்டுப் பணத்திலிருந்து கொடுக்கப்படட்டும்.

சுழியோடி அக்கா:
ரீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீந்தத் தெரியாதவர்களுக்கு, முருகை இல்லாத மணல் தரையில் மிதவைக் கயிறு கட்டி ஓர் இடம் ஒதுக்க வேண்டும். முகமூடியை முதலில் அங்கே பழகிவிட்டு, எழுந்து நிற்காமல் மிதக்கத் தெரிந்தவர் மட்டும் பாறைப் பக்கம் போகட்டும்.

வள்ளக்காரன் மகன்:
அது முடியும் அக்கா. கயிறும் மிதவையும் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கின்றன, ஆனால் பூங்காவுக்குள் ஒரு கல்லை இறக்குவதானாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சித்திரைக்கு முன் படகுக்காரர் எல்லோரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் கட்டுவது என்று நீரில் இறங்கிப் பார்த்துக் குறித்துக்கொடுக்க அக்கா ஒரு நாள் வருவீர்களா? வள்ளத்துக்குக் காசு வேண்டாம்.