பாட்டில் சொல் குறைந்துவிட்டதா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியப்பா: காலையிலிருந்து ஒரு புதுப் பாட்டு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆறேழு சொல்தான், அதையே மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். பாட்டு எழுதுகிறவர்களுக்குச் சொல்லே கிடைப்பதில்லையா? கோபத்தில் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

கார்த்தி: பெரிய மாமா, உங்கள் காலத்திலும் சுமாரான பாட்டு நிறைய வந்திருக்கும். அதெல்லாம் மறந்து போய் நல்லது மட்டும் தங்கிவிட்டது. அதனால்தான் பழைய காலம் முழுக்கவே நன்றாக இருந்த மாதிரி தெரிகிறது.

நிவேதா: கார்த்தி, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அது பாதி தூரம்தான் செல்லும். 2021ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பழைய பாட்டு, புதுப் பாட்டு என்று பொறுக்கி எடுத்து ஒப்பிடவில்லை. அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 என்ற முன்னணிப் பாடல் பட்டியலில் 1958 முதல் 2016 வரை இடம்பிடித்த 14,000க்கும் மேற்பட்ட பாடல்களை எடுத்தார்கள். அந்தந்த வருடம் மக்கள் கேட்டது எதுவோ அது, பிறகு மறந்து போனதும் சேர்த்து. அப்படிப் பார்த்தும் வரிகள் வருடத்துக்கு வருடம் எளிதாகிக்கொண்டே வந்திருக்கின்றன.

பெரியப்பா: எளிது என்பதை எப்படி அளந்தார்கள்? ஆளாளுக்கு மார்க் போட்டார்களா?

நிவேதா: இல்லை பெரியப்பா. கணினியில் ஒரு கோப்பைச் சுருக்கி அனுப்புகிறோம் இல்லையா, அதே முறைதான். முன்னால் வந்த ஒரு துண்டு மறுபடி வந்தால் அதை முழுதாகச் சேமிக்காமல் ‘இத்தனை எழுத்துக்கு முன்னால் பார்’ என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டுவிடும். 1977ல் லெம்பெல், ஸிவ் என்ற இருவர் வகுத்தது. ஒரு பாட்டின் வரிகள் எவ்வளவுக்கு எவ்வளவு சுருங்குகின்றனவோ அவ்வளவுக்கு அதில் திரும்ப வருவது அதிகம். அந்தச் சுருக்கம்தான் ஏறிக்கொண்டே போகிறது.

பெரியப்பா: அப்படியானால் நான் சொன்னது சரிதானே.

அத்தை: அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். நிவி, அந்தக் கணக்கில் ஒரு கீர்த்தனையைப் போட்டால் என்ன ஆகும்? பல்லவியை எடுத்தால் ஒரே வரியை ஐந்தாறு சங்கதி, அதாவது மெட்டில் சின்னச் சின்ன மாற்றம், போட்டுப் பாடுகிறோம். நிரவல் என்று வந்துவிட்டால் ஒரு வரியை வைத்துக்கொண்டே பத்து நிமிடம் போகும். மேடையில் பாடியதை அப்படியே எழுத்தில் இறக்கினால் உங்கள் கணினி அதை ஒன்றுமில்லாத பாட்டு என்றுதான் சொல்லும். கேட்டவர்களோ அந்த ஒரு வரியில் கண்ணீர் விட்டிருப்பார்கள். திருப்பாவையில் முப்பது பாட்டும் ‘எம்பாவாய்’ என்றுதான் முடிகிறது. திரும்பச் சொல்வதை எப்படிக் குறை என்று சொல்வது?

கார்த்தி: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். துப்பார்க்கு என்று தொடங்கும் மழைக் குறளையே எடுங்கள். மொத்தம் ஏழு சொல், முதல் ஐந்தும் ‘துப்’ என்றே ஆரம்பிக்கும். சுருக்கினால் பாதியாகிவிடும். அதனால் அது மட்டமா?

பெரியப்பா: இரண்டு பேரும் என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். திருப்பாவையை நன்றாகப் பார். எம்பாவாய் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலும் புதிதாக ஏதோ ஒன்று நடக்கிறது. ஒன்றில் மழையைக் கூப்பிடுகிறார்கள், ஒன்றில் பறவை சத்தம் கேட்கிறது, இன்னொன்றில் தூங்குகிறவளைக் கதவுக்கு வெளியே நின்று எழுப்புகிறார்கள். எல்லாம் நடந்து முடிந்து அந்தச் சொல்லுக்கு வந்து சேரும்போது அதற்குப் புதுக் கனம் வந்துவிடுகிறது. இப்போதைய பாட்டில் அந்த முன்னால் நடப்பதுதான் காணோம். வந்து சேரும் இடம் மட்டும் இருக்கிறது, வந்த வழியே இல்லை.

அத்தை: அண்ணா, இதை ஒப்புக்கொள்கிறேன்.

நிவேதா: பெரியப்பா, நான் சொல்ல நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாம் ‘எளிது’ என்று ஒரே பேரில் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, யாருக்கும் புரிகிற சொல். அது குறையே இல்லை, அதுதான் கஷ்டம். பாரதி 1912ல் பாஞ்சாலி சபதத்துக்கு எழுதிய முகவுரையில் எளிய பதம், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு இவற்றோடு காவியம் செய்து தருகிறவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று எழுதினார். இன்னொன்று, நினைப்பே மேலே நகராமல் நின்ற இடத்திலேயே நிற்பது. முதலாவதைக் குறை சொன்னால் பட்டுக்கோட்டையாரையும் சேர்த்துத்தான் குறை சொல்ல வேண்டும். இரண்டாவதைப் பற்றி வருத்தப்பட நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

அத்தை: பட்டுக்கோட்டையார் பேரை எடுத்தாய், நல்லதாகப் போயிற்று. அதற்கு முந்தின தலைமுறையில் பாபநாசம் சிவன் சினிமாவுக்கு எழுதிய பாட்டுகளில் வடசொல் நிறைய இருக்கும், கொஞ்சம் படித்திருந்தால்தான் முழுதாகப் பிடிபடும். ஐம்பதுகளில் பட்டுக்கோட்டையார் வந்ததும் வயலில் வேலை செய்கிறவர்கள் பேசுகிற பேச்சு அப்படியே பாட்டாகிவிட்டது. 1959ல் 29 வயதிலேயே போய்விட்டார், இன்னும் அவரைப் பேசுகிறோம். பாட்டு எளிதாவது அன்றைக்கே நடந்ததுதான். அண்ணா, நீங்களே அவரை எவ்வளவு கொண்டாடுவீர்கள்!

பெரியப்பா: கொண்டாடுகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய சொல் சின்னது, ஆனால் அடுத்த வரிக்குப் போனால் இன்னொன்று கிடைக்கும்.

அப்பா: நிவி, ஒன்று கேட்கிறேன். தமிழ்ப் பாட்டை யாராவது இப்படி எண்ணிப் பார்த்தார்களா?

நிவேதா: அப்பா, நான் சொன்னது ஆங்கிலப் பாட்டைப் பற்றியது. சொல்லை எண்ணுகிற கணக்கை அப்படியே தமிழில் போட முடியாது. வந்தேன், வந்தாய், வந்தாளே, வந்தவர்களுக்காக, இதெல்லாம் கணினிக்கு வெவ்வேறு சொல். ஒரே வினையை வைத்துக்கொண்டு விகுதியை மட்டும் மாற்றிப் பாடினாலும் சொல்வளம் நிறைய இருக்கிற மாதிரி கணக்கு காட்டும். வேர்ச்சொல்லைப் பிரித்துத்தான் எண்ண வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் இப்படி என்றால் நமக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

கார்த்தி: 2024லும் ஒரு ஆய்வு வந்ததே?

நிவேதா: ஆமாம், சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில். 1970 முதல் 2020 வரை வந்த 12,000 ஆங்கிலப் பாடல்கள். பாப், ராக், ராப், கன்ட்ரி, ஆர் அண்ட் பி என்று ஐந்து வகை. சொல் எளிதாகியிருக்கிறது, திரும்ப வருவது கூடியிருக்கிறது. அதோடு ‘நான்’, ‘என்’ என்று தன்னைப் பற்றிச் சொல்வதும் கோபத்தைச் சொல்வதும் கூடியிருக்கிறது, கோபம் ராப்பில்தான் அதிகம். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. வரிகளைத் தேடிப் படிக்கிறவர்களையும் கவனித்திருக்கிறார்கள். ராக் கேட்கிறவர்கள் பழைய பாட்டின் வரிகளைத்தான் அதிகம் தேடுகிறார்களாம், கன்ட்ரி கேட்கிறவர்கள் புதுப் பாட்டின் வரிகளை. அப்படியானால் வரிகளில் யாருக்கும் அக்கறை போய்விடவில்லை, ஒவ்வொரு கூட்டமும் அதை ஒவ்வொரு இடத்தில் தேடுகிறது.

பெரியப்பா: சரி, ஏன் இப்படி ஆயிற்று? மெட்டைப் போட்டுவிட்டு அதில் சொல்லை அடைப்பதால் என்று கார்த்தி முன்பு ஒருமுறை சொன்னான்.

கார்த்தி: சொன்னேன் மாமா, ஆனால் அதைப் புதுக் காரணம் என்று சொல்ல முடியாது. கண்ணதாசனும் மெட்டுக்கு எழுதியவர்தான். நான் இப்போது பார்ப்பது வேறு. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்கிறவர் வேறு பாட்டுக்குத் தாவிவிடக் கூடாது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் முன்னணிப் பாட்டுகளின் ஆரம்ப இசை எண்பதுகளின் நடுவில் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்தது, 2015ல் ஏறக்குறைய 5 விநாடி என்று ஒருவர் அளந்து எழுதியிருக்கிறார். ஆரம்பமே இவ்வளவு சுருங்கினால், மாமா நீங்கள் கேட்கிற அந்த ‘வந்த வழி’க்கு இடம் எங்கே? பிடித்துப் போகிற வரியைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் அதையேதான் பாட வேண்டியிருக்கிறது. எழுதுகிறவருக்குத் தெரியாமல் இல்லை. எழுதிக்கொண்டு போன சரணத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

நிவேதா: அந்த 2021 ஆய்வும் ஒரு காரணத்தைச் சோதித்தது. புதுப் பாட்டு அதிகமாக வந்த வருடங்களில்தான் எளிய வரிகள் கூடுதலாக மேலே வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்க நேரம் இல்லாதபோது சட்டென்று பிடிபடுகிறதை மனம் எடுத்துக்கொள்கிறது. ஒன்றை அடிக்கடி சந்தித்தாலே அதன் மேல் பிரியம் வரும் என்று ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே காட்டியிருக்கிறார். ஒரே பாட்டுக்குள் ஒரு வரி இருபது தடவை வந்தால் முதல் தடவை கேட்கும்போதே அது பழகிய வரி ஆகிவிடுகிறது. இதெல்லாம் சேர்ந்து போகிறது என்றுதான் தெரியும், இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எனக்கு நியாயமாகப் படுகிறது.

பெரியப்பா: அப்படியென்றால் தவறு நம் பக்கமும் இருக்கிறது. முன்பெல்லாம் வானொலியில் பாட்டு வந்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம், அடுத்து எப்போது வருமோ என்று தெரியாது. என் வருத்தம் எங்கே என்றால், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் பாட்டுதான் மொழியைக் கொடுத்தது. சாவு வந்தாலும், கடன் வந்தாலும், ஒருத்தர் விட்டுவிட்டுப் போனாலும், நமக்குச் சொல்ல வராததை ஒரு பாட்டு வரி சொல்லிக் கொடுத்தது. அது மக்கள் கையில் இருந்த சொத்து. வரிக்குள் ஒன்றும் இல்லாமல் போனால் அவர்கள் எதை எடுத்துப் பேசுவார்கள்? இதற்காகத்தான் காலையில் அப்படிக் கேட்டேன்.

அத்தை: அண்ணா, இதைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

நிவேதா: பெரியப்பா, அப்படிக் கைகொடுத்த வரிகளை நினைத்துப் பாருங்கள், முக்கால்வாசி வீட்டில் பேசுகிற சொல்தான். அதனால் சொல் எத்தனை என்று எண்ணினால் போதாது. ஒன்று செய்வோம். நீங்கள் 1975ஐ எடுங்கள், அத்தை 1990, நான் 2005, கார்த்தி 2020. அந்த வருடம் வந்த பாட்டில் இருபது. வரிகளை எழுதி, திரும்ப வருகிறதை அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதில் ஒவ்வொரு சரணத்திலும் முன்னால் சொல்லாத ஏதாவது வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரியப்பா: நல்ல பாட்டாக இருபதா?

நிவேதா: இல்லை இல்லை, பிடித்ததைப் பொறுக்கக் கூடாது. வருடத்தில் வந்த படங்களை அகர வரிசையில் போட்டு, மேலிருந்து வரிசையாக இருபது பாட்டு. ஓடாத படமும் வந்தால் வரட்டும்.

கார்த்தி: கதாநாயகன் அறிமுகப் பாட்டையும் சேர்க்கலாமா?

பெரியப்பா: அதையும் சேர். எல்லா வருடத்துக்கும் ஒரே விதி. எனக்கு நோட்டில் எழுதித்தான் பழக்கம், முடித்ததும் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன்.