ரோஸின் 1 ஆம் இலக்கம் ஜோர்டானுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டுமா?

அரைக்கோர்ட்:
சிக்காகோ புல்ஸ் கூடைப்பந்து அணி டெரிக் ரோஸ் போட்ட 1 ஆம் இலக்கத்தைக் கூரையில் தொங்கவிட்டு, இனி ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்ததில் இருந்து யாரைப் பார்த்தாலும் அவருக்குக் கண்ணீர் விடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த சிவப்பு ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை முழுக்கத் திரிந்தவன்தான், அதனால் கேட்க உரிமை இருக்கிறது. புல்ஸ் அரங்கின் கூரையில் தொங்கும் ஜோர்டானின் 23 உம் பிப்பனின் 33 உம் ஆறு சம்பியன்ஷிப் எடுத்தவர்களின் இலக்கங்கள். ரோஸ் எத்தனை எடுத்தார்? இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. மூன்று பருவம் முழுசாக ஆடினார், நாலாவதில் பாதி, 2012 க்குப் பிறகு ஓல் ஸ்டார் என்ற நட்சத்திர ஆட்டத்தின் பக்கமே இல்லை.

அதையும் விடுவோம். 2013 ஐ என்னால் விட முடியாது. 2012 இல் முழங்கால் போனவரை டொக்டர்மார் மார்ச்சிலேயே ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆள் ப்ளேஓஃப் என்ற பருவ இறுதிக் கட்டம் முழுக்க சூட் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அணிக்காரர் நோவா பாதம் கொதிக்கக் கொதிக்க ஆடுகிறார், நேட் ரொபின்சன் வாந்தி எடுத்து எடுத்து ஆடுகிறார், லுவோல் டெங் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்தச் சீரிஸைப் பார்த்தவன் எவனும் இதை மறக்க மாட்டான்.

கொட்டாஞ்சேனை 34:
தம்பி, சம்பியன்ஷிப் கணக்குப் பார்த்தால் அந்தக் கூரையில் இன்னும் இரண்டைக் கழற்ற வேண்டி வரும். 4 ஆம் இலக்கம் ஜெரி ஸ்லோன், 10 ஆம் இலக்கம் பொப் லவ். இரண்டு பேரும் புல்ஸுக்கு ஒரு கிண்ணமும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜோர்டானும் பிப்பனும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

அரைக்கோர்ட்:
சரி, அது என் பிழை. ஆனால் ஸ்லோனும் லவ்வும் புல்ஸுக்கு வருடக்கணக்கில் உழைத்தார்கள் அண்ணை. இவர் 2012-13 இல் ஒரு ஆட்டமும் இல்லை, அடுத்த பருவம் 10 ஆட்டம், அதற்கு அடுத்தது 51.

மெரைன் டிரைவ்:
அதற்கு முந்தைய கணக்கையும் போடுங்கள் தம்பி. முதல் மூன்று பருவத்தில் 246 ஆட்டத்தில் 240 ஆடினார். ஆறே ஆறுதான் தவறியது. அப்போது யாரும் இவரை நோஞ்சான் என்று சொல்லவில்லை. மூன்றாவது பருவத்தில், 22 வயதில், எம்விபி, அதாவது பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த வயதில் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் வாங்கவில்லை. ஆட்டத்துக்கு சராசரி 25 புள்ளி, அணிக்கு 62 வெற்றி, அதுவும் பெரிய நட்சத்திரம் லெப்ரோன் மயாமி அணிக்குப் போய்ச் சேர்ந்த முதல் வருடம்.

2013 பற்றி. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

என் வலது முழங்கால் 2016 இல் போனது. கொழும்பில் ஒரு திறந்த கோர்ட், பெயர் வேண்டாம். பின்னேரம் மழை பெய்து விட்டிருந்தது, வளையத்துக்கு இடது பக்கம் சிமெந்தில் ஒரு வெடிப்பு, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். சாக்குப் போட்டுத் துடைத்துவிட்டு ஆடச் சொன்னார்கள், ஆடினோம். ரிபவுண்டுக்கு எழும்பி, இறங்கி, திரும்பினேன். ஒருவரும் என்னைத் தொடவில்லை. முருங்கைக்காயை முறித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் கேட்டதாம். முதலில் வலிகூட இல்லை, எழும்பி நிற்கப் பார்த்தால் தொடை ஒரு பக்கம் போகிறது, கீழ்க்கால் இன்னொரு பக்கம் போகிறது. வாசலில் நின்ற ஐஸ்பழக்காரரிடம் ஐஸ் வாங்கி என் துவாயில் சுற்றிக் கட்டினார்கள். வீட்டுக்குப் போவதற்குள் முழங்கால் தேங்காய் அளவு.

ஒப்பரேஷன் முடிந்து ஒன்பதாவது மாதம் டொக்டர் ஆடலாம் என்று எழுதித் தந்தார். ஓடினேன், படி ஏறினேன், தனியாக நின்று ஷொட் போட்டேன், எல்லாம் சரி. ஆனால் ஒருத்தி முன்னால் நின்று மறித்ததும், வலது காலை ஊன்றி வெட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் என் கால் தானாக இரண்டு குட்டி அடி வைத்தது. நான் வைக்கச் சொல்லவில்லை. பந்தைப் பாஸ் பண்ணிவிட்டு ஒதுங்கி நின்றேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த ஒரு வருடம் அப்படித்தான். வெளியே இருந்து பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை, பயம் என்றார்கள். பயம்தான். அந்தப் பயம் போகாமல் பாதி மனசோடு ஒரு காலில் இறங்கினால் மற்றக் காலும் போகும். ரோஸுக்கு நடந்ததும் அதுதானே, திரும்பி வந்த சில கிழமையில், 2013 நவம்பரில் போர்ட்லண்டில், மற்ற முழங்காலின் மெனிஸ்கஸ், உள்ளே இருக்கும் குருத்தெலும்பு, கிழிந்தது.

சும்மா பார்ப்பவன்:
காலங்காத்தாலே முருங்கைக்காய்க் குழம்பு சாப்பிட இருந்தேன். நன்றி அக்கா.

அரைக்கோர்ட்:
அக்கா, வாசிக்கவே கால் கூசுகிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒன்பதரைக் கோடி டொலர் தரவில்லையே. அந்த ஒப்பந்தம் 2011 டிசம்பரில் கைச்சாத்தானது. இள வயதில் எம்விபி எடுத்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று புதிதாக ஒரு விதியே வந்து, அதற்கு ஆட்கள் இவர் பெயரையே வைத்தார்கள். அதற்கு மேல் அடிடாஸ். அந்த வருடம் முழுக்கக் கம்பனி 'திரும்பி வருகிறார்' என்று விளம்பரம் ஓட்டியது, வியர்க்க வியர்க்க ஓடுகிறார், மியூசிக் வேறு. ஆளைக் கோர்ட்டில் காணவில்லை. ரசிகனுக்குக் கோபம் வந்தது அந்த விளம்பரத்தால்தான், முழங்காலால் இல்லை. வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் பாட்டுக்கு இருந்திருப்போம்.

மெரைன் டிரைவ்:
விளம்பரம் விசர் வேலை, அதில் உங்களோடு சண்டை இல்லை.

கொட்டாஞ்சேனை 34:
எல்லாரும் காயத்துக்குப் பிறகு நடந்ததையே கதைக்கிறீர்கள். காயம் எப்படி வந்தது? 2012 ஏப்ரல் 28, ப்ளேஓஃபில் பிலடெல்பியாவோடு முதலாவது ஆட்டம். இங்கே சனி இரவு, வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு நிமிடத்துக்கொரு தடவை நின்று நின்று ஓடும் ஒரு லிங்கில் பார்க்கிறேன். 12 புள்ளி முன்னால், மிச்சம் 1 நிமிடம் 22 செக்கன். இரண்டு காலையும் ஊன்றி நின்று எழும்பினார், பந்தைக் கொடுத்துவிட்டு விழுந்தார், இடது முழங்காலைப் பிடித்தார். லிங்க் அந்த இடத்தில் நின்றுவிட்டது, பிடித்த கையோடு அப்படியே திரையில் கிடந்தார், நான் ரவுட்டரைப் போய்த் தட்டுகிறேன். 12 புள்ளி முன்னால் இருக்கும்போது எம்விபிக்குக் கோர்ட்டில் என்ன வேலை? கோச் டொம் திபொடோவிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த மனுசன் ஆட்களைப் பிழிந்து எடுப்பதில் பேர் போனவர்.

அரைக்கோர்ட்:
இதில் நான் கோச் பக்கம். ப்ளேஓஃபில் ஒன்றரை நிமிடம் இருக்கும்போது ஸ்டாரை உள்ளே வைக்காத கோச் யார்? எடுத்துவிட்டுத் தோற்றிருந்தால் நீங்களே ரவுட்டரை உடைத்திருப்பீர்கள்.

மெரைன் டிரைவ்:
அண்ணா, அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் பிழை தேடாதீர்கள். அது அணி முதலாளிமார் ஒப்பந்தத் தகராறில் ஆட்டக்காரருக்குக் கதவைப் பூட்டிப் பிந்தித் தொடங்கிய பருவம், 66 ஆட்டத்தை நெருக்கி நெருக்கி வைத்தார்கள். ரோஸ் அதில் 39 தான் ஆடினார். கால்விரல், முதுகு, தொடையிடுக்கு, கணுக்கால் என்று மாறி மாறி. ஒரு இடம் நோகும்போது உடம்பு பாரத்தை இன்னொரு இடத்துக்குத் தள்ளும் என்று எனக்குப் பிசியோ பார்த்தவர் சொல்லிச் சொல்லியே அழவைத்தார். திபொடோ அவரை எடுத்திருந்தாலும் இரண்டாவது ஆட்டத்தில் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம், அது வேறு.

கொட்டாஞ்சேனை 34:
இருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் நித்திரை போனதற்கு யாரையாவது திட்ட வேண்டும் பிள்ளை. பகிடி என்னவென்றால் அதே திபொடோதான் 2018 இல் வேறு ஒருவரும் சீந்தாத நேரத்தில் மினசோட்டா அணிக்குக் கூப்பிட்டு எடுத்தார்.

சும்மா பார்ப்பவன்:
அங்கே ரோஸ் 50 புள்ளி எடுத்த அந்த ஆட்டம்! எங்களுக்கு நவம்பர் 1, விடிய ஐந்தரை. நாட்டில் இரண்டு பிரதமர் இருந்த கிழமை. அப்பா மற்ற அறையில் செய்தி போட்டு யார் பிரதமர் என்று பார்க்கிறார், நான் இங்கே போனில் ரோஸைப் பார்க்கிறேன். எதிரணி யூட்டாவின் கடைசி ஷொட்டையும் அவரே தட்டிவிட்டு அழுதார், நானும் அழுதேன், அப்பா வந்து என்ன நடந்தது, அரசாங்கம் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார்.

அரைக்கோர்ட்:
அந்த ஆட்டம் எனக்கும் பிடிக்கும். அன்றைக்கு அவர் போட்டிருந்தது 25. சிக்காகோவின் எங்கிள்வூட்டில் வளர்ந்து சிமியன் பாடசாலைக்கு ஆடும்போது போட்ட இலக்கம். 1984 இல் சுடப்பட்டு இறந்த பென் வில்சன் அங்கே போட்டது. ஆனால் பாருங்கள், அது மினசோட்டா. புல்ஸுக்கு என்ன?

மெரைன் டிரைவ்:
புல்ஸுக்கு அவர் ஊர்ப் பிள்ளை. புது ஆட்களை எடுக்கும் வரிசைக்கான 2008 லொட்டரியில் புல்ஸுக்கு முதல் இடம் விழ 1.7 சதவீத வாய்ப்புத்தான், அது விழுந்து, அதே ஊரில் பிறந்தவனை எடுத்து, மூன்றாவது வருடம் எம்விபி. ஜோர்டானுக்குப் பிறகு அந்த அரங்கில் யாருக்கு அப்படிக் கத்தினார்கள்? ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கூடைப்பந்துப் புகழ் மண்டபம் வேறு விவாதம். எம்விபி வாங்கி, தகுதிக்காலமும் வந்தவர்களில் உள்ளே போகாதவர் இதுவரை யாருமில்லை, இவர்தான் முதல் ஆளாக வெளியே நிற்பாரோ என்னவோ. அதை மசச்சூசெட்சில் இருப்பவர்கள் பார்க்கட்டும். கூரை சிக்காகோக்காரருடையது.

அரைக்கோர்ட்:
ஊரின் கூரை என்றால் நான் பேச ஒன்றும் இல்லை. 2013 ஐ மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை, அது என் பாட்டுக்கு இருக்கட்டும்.

அக்கா, அந்தக் கோர்ட்டின் வெடிப்பு இப்போதும் இருக்கிறதா?

மெரைன் டிரைவ்:
மேலே சிமெந்து பூசியிருக்கிறார்கள். மழைக்கு அதே இடத்தில்தான் தண்ணீர் நிற்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்கு ஆடுகிறோம், ஒரு ஆள் குறைகிறது, வந்தால் வாருங்கள். இடது பக்கத்தால் மட்டும் வராதீர்கள்.