தினசரிக்கும் ட்ராக்குக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

நண்பர்களே, ஒரு உதவி வேணும். தினம் ஓட்டுற அதே கார்லதான் ரேஸ் ட்ராக்குக்கும் போறேன், போன தடவை நாலாவது லேப்லயே பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா வண்டி நிக்கல, கருகின வாடை வேற. பிரேக் ஆயில் கொதிச்சிருந்தா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியிருக்கும், ஊத்தினது புது டாட் 4 (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) வேற, 230 டிகிரி வரைக்கும் தாங்கும், அதனால பேடுதான் சூடு தாங்கலைன்னு நினைக்கிறேன். கழட்டிப் பார்த்தா ஓரமெல்லாம் வெளுத்து பொடிப்பொடியா உதிருது.

முழு ட்ராக் பேடு போட்டா காலைல ஜில்லுன்னு இருக்கறப்ப சரியா பிடிக்காது, கத்தும், டிஸ்க்கையும் தின்னுடும், குழந்தைங்களை கூட்டிட்டுப் போற வண்டில அந்த ரிஸ்க் எடுக்க மனசு வரல. நடுத்தரமா ஒண்ணு போதுமா, இல்ல ரெண்டு செட் வெச்சு மாத்திக்கறீங்களா? மாத்தினா ஒவ்வொரு தடவையும் திரும்ப பெட்-இன் (பேடை டிஸ்க்கோட பழக்கிப் படிய வைக்கிறது) பண்ணணுமா? முன் சக்கரத்துல மட்டும் மாத்தினா பிரேக் பேலன்ஸ் கெடுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.